சிப் கம்பனிகளின் போட்டியில் பங்குதாரருக்கு என்ன கிடைத்தது?

எதிரெதிரே இரண்டு கடைகள் போட்டி போட்டு விலையைக் குறைத்தால் வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்தக் கடைகளுக்கு முதல் போட்டவரின் நிலை என்ன? அமெரிக்காவின் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய கம்பனிகளின் பங்குகளை வாங்கியோரின் கதையைப் பார்க்கும்போது இந்தக் கேள்விதான் எனக்கு எழுகிறது. கணனியின் மூளை எனப்படும் சிப்பை உற்பத்தி செய்யும் இவற்றில் ஒன்று 1968 இலும் மற்றையது 1969 இலும் ஆரம்பிக்கப்பட்டவை.

2003 இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஒப்டெரோன் சிப் இன்டெலைத் திணறடித்தது. 2006 இன் ஆரம்பத்தில் அதன் பங்கு 40 டொலரைத் தாண்டியது. அந்த வருடமே இன்டெல் விலையை வெட்டி, ஜூலையில் கோர் 2 சிப்பை இறக்கியது. ஏ.எம்.டி.யோ அதே மாதத்தில் 5.4 பில்லியன் டொலருக்கு ஏ.டி.ஐ. கம்பனியை வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் ஒரு பகுதி கடன். விலைப்போர் நடக்கும்போது கடன் வாங்கிக் கடையைப் பெருப்பிப்பது என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

விளைவு இரு பக்கமும் அடி. இன்டெலின் வருட இலாபம் 8.7 பில்லியனிலிருந்து 5 பில்லியனாக இறங்கியது. ஏ.எம்.டி. 2007 இல் மாத்திரம் 3.4 பில்லியன் நட்டம் கண்டது. 2008 இறுதியில் அதன் பங்கு ஏறத்தாழ 2 டொலர். ஆயிரம் டொலர் போட்டவர் கையில் மிஞ்சியது சுமார் ஐம்பது. அக்காலத்தில் நாமெல்லாம் கணனியை மலிவாக வாங்கினோம் அல்லவா? அந்த மலிவின் ஒரு பகுதியைக் கட்டியவர் இந்தப் பங்குதாரர்தான்.

சிப் தொழிற்சாலை ஒன்றை அமைக்கப் பல பில்லியன் டொலர் வேண்டும். விற்பனை குறைந்தாலும் அந்தச் செலவு குறையாது. இந்தச் சுமையை ஏ.எம்.டி. 2009 இல் அபுதாபி அரசின் முதலீட்டுடன் தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டது. பின்னர் தாய்வானின் டி.எஸ்.எம்.சி.யிடம் செய்வித்தது. 2014 இல் லீசா சூ தலைமைக்கு வந்தார். 2017 இல் ரைசன் சிப் வந்தது. 2022 பெப்ரவரியில் சந்தைப் பெறுமதியில் இன்டெலையே முந்தியது. "2015 இல் 2 டொலருக்கு வாங்கியிருக்கலாமே" என்று இன்று பலர் சொல்கின்றனர். 2006 இல் 40 டொலருக்கு வாங்கியவர் போட்ட முதலைக் காண 13 வருடங்களுக்கு மேல் காத்திருந்தார், இடையில் ஒரு சதம் பங்கிலாபமும் இன்றி. அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இன்டெல் பங்குதாரரின் பாடு இன்னும் மோசம். 1992 முதல் பங்கிலாபம் தந்த கம்பனி என்று நம்பியே பலர் அதை வைத்திருந்தனர். 2024 ஓகஸ்ட் 1 ஆம் திகதி பங்கிலாபம் நிறுத்தப்படும், 15,000 பேர் வரை குறைக்கப்படுவர் என்று அறிவித்தது. மறுநாளே பங்கு 26 சதவீதம் விழுந்தது. நல்ல காலத்தில் பல பில்லியன் டொலர்களைக் கொட்டித் தன் பங்குகளைத் தானே திருப்பி வாங்கிய கம்பனி இது. அந்தப் பணத்தைத் தொழிற்சாலைக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இன்டெலின் சுமார் 10 சதவீதத்தைப் பெற்றுக்கொண்டது. பங்கொன்று 20.47 டொலர். அன்றைய சந்தை விலையோ 24 டொலருக்கு மேல். புதிதாக வெளியிட்ட பங்குகள் என்பதால், அந்த விலைக்கழிவு பழைய பங்குதாரரின் கணக்கிலேயே விழுந்தது.