அறிக்கையும் ஆயத்தமும்

நுழையும்முன்

புயலையும் வெள்ளத்தையும் தடுத்து நிறுத்துவது மனிதரால் இயலாது. ஆயினும், அவற்றால் விளையும் இழப்பைக் குறைக்க இயலும். அதன்பொருட்டு அரசு ஊர்தோறும் இடர்களைக் கணக்கிடுகிறது, ஆயத்த நிலையை மதிப்பிடுகிறது, அறிக்கையாகத் தொகுக்கிறது. அவ்வறிக்கை யாருக்காக எழுதப்படுகிறது? அதைப் படிக்க வேண்டியவர் யார்? இவ்வினாக்களை எழுப்பி ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

ஓர் ஒலிபெருக்கியின் கதை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே பணிபுரிந்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றிய செய்தியறிந்து தம் வீட்டாரை எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல்நிலை பற்றிய செய்திகளை மீனவர்களுக்கு வழக்கமாக அறிவித்துவந்த அந்த ஒலிபெருக்கி, அன்று ஊரையே கரையைவிட்டு அகலச் செய்தது. வீடுகளும் படகுகளும் சிதைந்தன, மக்கள் உயிர்தப்பினர். அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நல்லவாட்டைக் காத்தவை மூன்று: உரிய நேரத்தில் கிடைத்த செய்தி, அதை ஊருக்குச் சொல்லும் கருவி, அக்குரலை நம்பிச் செயல்படும் மக்களின் பழக்கம். அந்நாளுக்கு முன்னர் ஓர் அலுவலர் அவ்வூரின் ஆயத்த நிலையை மதிப்பிடச் சென்றிருந்தால், தம் படிவத்தில் 'ஒலிபெருக்கி – 1' என்று எழுதியிருப்பார். அது பிழையன்று. ஆனால், அந்த ஒலிபெருக்கியை மக்கள் நம்பினார்கள் என்பதை எந்தக் கட்டத்தில் அவர் எழுதியிருக்க முடியும்?

இடரை அளப்பது எவ்வாறு?

பேரிடர் மேலாண்மை அறிஞர்கள் இடரை மூன்று கூறுகளாகப் பிரித்து நோக்குவர். முதலாவது, இயற்கையின் சீற்றம். இரண்டாவது, அச்சீற்றத்தின் வழியில் யார் யார் இருக்கின்றனர் என்பது. மூன்றாவது, அவர்களுடைய தாங்கும் ஆற்றல். ஒரே தெருவில் ஒரே அளவு மழை பெய்கிறது. மாடி வீட்டுக்காரருக்கு அது ஓர் இரவின் தொல்லை. ஆற்றோரக் குடிசையில் நடக்கவியலாத தாயோடு வாழும் கூலித் தொழிலாளிக்கோ அது உயிர்ப் போராட்டம். மழையின் அளவை மழைமானி சொல்லும். இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாட்டை அதனால் சொல்ல முடியாது. எனவே, இடரை மதிப்பிடுவது என்பது வானத்தை மட்டுமன்றி மனிதரின் வாழ்நிலையையும் அளப்பதாகும்.

இந்தப் பணிக்கு நம் நாட்டில் சட்டத்தின் வலு உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நாட்டளவில் பிரதமர் தலைமையிலும் மாநில அளவில் முதலமைச்சர் தலைமையிலும் மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலும் ஆணையங்களை அமைத்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளைக் கண்டறிந்து திட்டம் வகுக்க வேண்டும். அத்திட்டத்தை ஆண்டுதோறும் மீளாய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். மாநில ஆணையத்தின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தின்முன் வைக்கப்பட வேண்டும். 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பானின் சென்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் எய்த வேண்டிய 7 இலக்குகளை வகுத்தது. அவற்றை அளக்க 38 அளவீடுகள் உள்ளன. நாடுகள் தம் முன்னேற்றத்தை அவற்றின்படி அறிக்கையாக அளிக்கின்றன.

தமிழ்நாட்டில் பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிகள் என 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள் கண்டறியப்பட்டு, பாதிப்பின் அளவுக்கேற்ப நான்கு நிலைகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. மழைக்காலத்தில் முதலில் யாரை எச்சரிப்பது, மீட்புக் குழுவை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய இப்பட்டியல் பெரிதும் பயன்படுகிறது. இதன் பின்னுள்ள உழைப்பு பாராட்டுக்குரியது.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஊரின் செய்தி வட்டத்துக்கும், வட்டத்தின் செய்தி மாவட்டத்துக்கும், மாவட்டத்தின் செய்தி மாநிலத்துக்கும், அங்கிருந்து நாட்டுக்கும் உலகுக்கும் செல்கிறது. அறிக்கை மேல்நோக்கியே பயணம் செய்கிறது. எந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த ஊருக்கு அது திரும்பி வருவது அரிது.

எண்கள் சொல்லாதவை

நான் ஆசிரியராகப் பணியாற்றிய ஊர் ஒன்றில் எங்கள் பள்ளி நிவாரண முகாம்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 'கொள்ளளவு 300 பேர், குடிநீர் உண்டு, கழிப்பறை உண்டு, மின்வசதி உண்டு' என்று பதிவேடு கூறியது. ஒவ்வொன்றும் உண்மையே. ஒரு மழையிரவில் மக்கள் பள்ளி வாயிலில் வந்து நின்றபோது, சாவி மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒருவரிடம் இருந்தது. இடையிலிருந்த தரைப்பாலத்தின்மீது வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த குழந்தைகளை அணைத்தபடி தாய்மார்கள் இரண்டு மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றனர். சக்கர நாற்காலியில் வந்த முதியவர் ஒருவரைப் படியேற்ற நால்வர் தேவைப்பட்டனர். சாய்தளம் உண்டா என்று படிவம் கேட்டதேயில்லை. நல்வேளையாக அன்று எவரும் உயிரிழக்கவில்லை. ஆனால், அந்தப் பதிவேட்டை ஆண்டுதோறும் நிரப்பியவர்களுள் நானும் ஒருவன். ஒரு பொய்கூட எழுதாமலேயே நாங்கள் ஆயத்தமின்றி இருந்தோம் என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர் நம் முன்னோர். பொருள்களின் எண்ணிக்கை ஆயத்தம் ஆகாது. உரிய நேரத்தில் உரியவருக்கு அப்பொருள் பயன்படுமா என்பதே ஆயத்தம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இதே உண்மையைப் பேரிழப்பின்வழிக் கற்பித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர், எச்சரிக்கை வெளியாவதற்குப் பல நாள்கள் முன்னரே கடலுக்குள் சென்றிருந்தனர். கைப்பேசி அலைவரிசைக்கு அப்பால் இருந்த அவர்களை அச்செய்தி எட்டவில்லை. 'எச்சரிக்கை விடுக்கப்பட்டது' என்பது வேறு. 'எச்சரிக்கை சென்று சேர்ந்தது' என்பது வேறு. நல்ல அறிக்கை இரண்டாவதையே கேட்க வேண்டும்.

காலமும் ஒரு சிக்கலாகும். 2005ஆம் ஆண்டின் சட்டம் கோரிய தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் 2016ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது. 2015ஆம் ஆண்டின் சென்னை வெள்ளம் குறித்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நடந்ததை ஆராயும் தணிக்கை பின்னர்தான் வர முடியும், அது தேவையும்கூட. ஆனால், அடுத்த மழைக்கு முன்னர் மக்கள் கைக்கு வர வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதை மக்களே பார்த்துத் திருத்தும் வழியை நாம் இன்னும் முழுமையாக அமைக்கவில்லை.

ஒடிசா காட்டும் வழி

1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபைலின் புயல் அதே மாநிலத்தைக் கடுமையாகத் தாக்கியபோது உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. இடைப்பட்ட காலத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. அவற்றைப் பேணவும் மக்களை அழைத்துச் செல்லவும் ஊர்மக்களைக் கொண்ட குழுக்கள் அமைந்தன. ஒத்திகைகள் தொடர்ந்து நடைபெற்றன.

2020ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய இரு கடலோர ஊர்களை 'ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள்' என யுனெஸ்கோவின் பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான பெருங்கடல் ஆணையம் அறிந்தேற்றது. இவ்வகை மதிப்பீட்டில், ஆபத்துப் பகுதியில் எத்தனை பேர் வாழ்கின்றனர், வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம் மக்கள் பார்வையில் உள்ளதா, ஒத்திகை நடந்ததா என்பன போன்ற வினாக்கள் கேட்கப்படுகின்றன. ஒருமுறை பெற்ற ஏற்பு என்றென்றும் நிலைப்பதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அதைப் புதுப்பித்தாக வேண்டும். மதிப்பீட்டில் ஊரும் பங்கேற்பதே இதன் சிறப்பு.

ஊரவையில் ஒரு கணக்கு

இது நமக்குப் புதிய சிந்தனை அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகிறது. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்றும் அது விதிக்கிறது. ஏரியைக் காத்தவர்கள் தம் கணக்கை ஊரின்முன் காட்டினர்.

அம்மரபை இன்று மீட்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கிராம சபைகள் ஆகஸ்டு 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் கூடுகின்றன. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஆகஸ்டு 15 அன்று அவ்வூரின் இடர் மதிப்பீட்டை அலுவலர் உரக்கப் படிக்கட்டும். எந்த மதகு அடைபட்டுள்ளது, எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளி உள்ளார், முகாமின் சாவி யாரிடம் உள்ளது என்பனவற்றை மக்கள் சொல்லட்டும். அக்டோபர் 2 அன்று, சரிசெய்தவை எவை, எஞ்சியவை எவை என்ற விடை அதே அவையில் படிக்கப்படட்டும். நகரங்களில் பகுதி சபைகள் இப்பணியை ஏற்கலாம்.

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். பட்டியலை வெளியிட்டால் மக்கள் அஞ்சுவர் என்பர் சிலர். வெள்ளம் வரும் இடம் எதுவென்று அங்கு வாழ்பவருக்கு முன்னரே தெரியும். அரசுக்கும் அது தெரியும் என்று அறிவது அச்சத்தைக் குறைக்கவே செய்யும். நிலத்தின் விலை சரியும் என்பர் வேறு சிலர். இது மெய்யான கவலைதான். ஆனால், தாழ்ந்த நிலம் எனத் தெரியாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வீடு கட்டுபவரின் இழப்பு அதனினும் பெரிது. இடர் மதிப்பீடு வல்லுநர்களின் பணி என்பதும் ஓரளவு உண்மையே. வெள்ளம் எவ்வளவு உயரும் என்பதை வல்லுநர் கணிக்கட்டும்; அவ்விரவில் யாரைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதை ஊரே அறியும். இரண்டும் சேர்ந்தால்தான் மதிப்பீடு நிறைவுபெறும்.

மாணவர்களே, நீங்கள் கல்வி பயிலும் இந்தக் கட்டடம் நாளை உங்கள் ஊருக்குப் புகலிடமாகலாம். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சிறிய வினாதான். உங்கள் ஊரின் ஆயத்தம் குறித்த அறிக்கையின் முதல் வரி அதிலிருந்தே தொடங்குகிறது. அவ்வரியை எழுதுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மழைக்காலத்தில் பாதிப்புக்கு உள்ளாகும் இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. 'எச்சரிக்கை விடுக்கப்பட்டது, எச்சரிக்கை சென்று சேர்ந்தது' – இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.

3. 'இடர்ப்பகுதிகளின் பட்டியலை மக்களுக்கு வெளியிட வேண்டும்' என்னும் தலைப்பில் ஆதரித்தும் மறுத்தும் வகுப்பில் கலந்துரையாடுக.