அடைப்பு யாருடையது?

வீட்டுச் சாக்கடை தானாக அடைத்துக்கொள்வதில்லை. சூடாக ஊற்றும் எண்ணெய் குழாய்க்குள் ஆறி உறைகிறது. சோற்றுப் பருக்கையும் காப்பித்தூளும் அதில் ஒட்டுகின்றன. குளியலறையில் தலைமுடி திரள்கிறது. கழிப்பறையில் போடும் நாப்கின் நீரை உறிஞ்சி உப்பி வழியை மறிக்கிறது.

அடைப்பை உண்டாக்குவது எல்லாச் சாதி வீடுகளும்தான். எடுப்பதற்கு மட்டும் ஏன் சேரிக்கு ஆளனுப்புகிறீர்கள்?

குழாயில் தொடங்கும் இந்தப் பழக்கம் மலக்குழியில் மரணமாக முடிகிறது. 2022 அக்டோபரில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில், விடுதி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் நச்சுவாயுவுக்குப் பலியானார்கள்.

பாதுகாப்புக் கருவியின்றி மலக்குழியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாவுக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். குழாய்வாயில் வடிகட்டி வையுங்கள். உங்கள் வீட்டு அடைப்பை நீங்களே எடுங்கள். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியை அழையுங்கள்.

"கூலி கொடுக்கிறோமே" என்பவர்களிடம் ஒரு கேள்வி: அதே கூலிக்கு உங்கள் பிள்ளையை இறக்குவீர்களா?