புகாரா எந்த நாட்டில் இருக்கிறது?

நண்பர்கள் சேர்ந்து வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் துபாய், சிங்கப்பூர், பாங்காக் என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் பெயரை ஜும்ஆ மேடையில் ஓயாமல் கேட்கிறோம். புகாரா எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. ஹிஜ்ரி 194ஆம் ஆண்டில் அங்கே பிறந்த இமாமவர்கள், 256ஆம் ஆண்டில் சமர்கந்தை அடுத்த கர்தங்க் என்னும் சிற்றூரில் மறைந்தார்கள். திர்மித் நகரமும் அந்நாட்டின் தென்னெல்லையில்தான். நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்பால் அஷ்ஷாஷீ (ரஹ்) அடங்கியிருப்பது தாஷ்கண்டில். சோவியத் ஆட்சியில் மூடப்பட்ட புகாராவின் மீர் அரப் மதரஸா 1940களில் மீண்டும் திறந்தது. மற்ற மதரஸாக்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் அங்கே ஓதல் நடந்தது. ஓதிக்கொடுப்பவர்களாகிய நமக்கு, நீல மாடங்களைவிட அந்த வகுப்பறைகளே பெரிய காட்சி.

ஆனால் ஹஜ் கடமையாகியும் நிறைவேற்றாதவர் இதற்குப் பணம் கட்டுவதை நாம் ஏற்கமாட்டோம். செலவையும் குழுவில் வருமானம் குறைந்தவரின் கையிருப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். வெட்கத்தால் வாய் திறவாமல் வட்டிக்கு வாங்கும் நண்பர் ஒருவர் இருந்தாலும் பயணம் ஓராண்டு தள்ளிப்போகட்டும். அவர் பெயரைச் சொல்லாமலே தள்ளிப்போடுங்கள்.