ரூ காய்: பெயர்ப்பலகையில் இல்லாத எங்கட ஆக்கள்

லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வாற எல்லாருக்கும் 'ரூ காய்' தெரியும். முருங்கைக்காயும் பாகற்காயும் விற்கிற இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான் என்று நானும் கனகாலம் பகிடி விட்டிருக்கிறேன். போன கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, காய் எண்டது ஆர்?" பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன்.

ஜோன் பிரான்சுவா காய் (1804–1871) எந்திரங்கள் செய்த தொழிலதிபர். செம்பு வேலை பழகி, சீனித் தொழில் நிபுணர் டெரோனோடு கூட்டுச் சேர்ந்து பெரிய தொழிற்சாலைகளை உருவாக்கியவர். பரிஸின் வடக்கு ரயில் கொம்பனிக்கு 1849இல் கிராம்டன் எஞ்சின்களைச் செய்து கொடுத்ததும் இவர்களே. பக்கத்துத் தெருவுக்குப் பெயர் தந்த பெர்டோனே ஒரு ரயில்வே பொறியியலாளர். இருவரின் பெயரும் ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் இருக்கின்றன.

கிரெனெலில் இருந்த காயின் தொழிற்சாலை இன்று இல்லை. பெயர் மட்டும் மிச்சம்.

ஆனால் இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ரயில் எஞ்சினுக்கு முன்பே டெரோன்–காய் கூட்டு சீனி ஆலை எந்திரங்களுக்குப் பேர் போனது. குவாதலூப் தீவில் டார்பூசியே என்ற மாபெரும் சீனி ஆலையை 1860களின் கடைசியில் காயும் எர்னஸ்ட் சூக்கும் சேர்ந்து நிறுவினார்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். டார்பூசியே 1980இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2015இல் அடிமைமுறை நினைவு மையம் திறக்கப்பட்டது.

ஆக, பிரெஞ்சுப் பொருளாதாரத்தில் தமிழரின் வியர்வை 1980களில் தொடங்கவில்லை. முதலாளியின் பெயர் தெருவிலும் கோபுரத்திலும் நிற்கிறது. கரும்பு வெட்டினவனின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை.

இதை ஏன் இப்ப சொல்கிறேன்? இருபது வயதில் இங்கு வந்து, ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பிறகு லாச்சப்பலில் கடை போட்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நாளைக்குக் கடை கைமாறினால் பலகையும் மாறும். ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேர் ஒவ்வொரு வருசமும் இந்தத் தெருக்களில் ஓடுகிறது. அந்தத் தேரை முதன்முதல் இழுத்தவர்கள் ஆர் என்று எங்கட பிள்ளைகளுக்குத் தெரியுமா?

'லிட்டில் ஜஃப்னா' என்று மற்றவர்கள் எங்களுக்குப் பெயர் வைத்தால் பெருமைப்படுகிறோம். அது போதாது. இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஞாயிறு உங்கட அப்பாவை, பெரியம்மாவை, கடைக்கார மாமாவை உட்கார வைத்துக் கதை கேளுங்கோ. போனில் பதிவு செய்யுங்கோ. ஆண்டு, தெரு, முதல் சம்பளம், முதல் அறை எல்லாம் கேளுங்கோ. தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதி வையுங்கோ.

முதலாளியின் பெயரை நகரசபை பார்த்துக்கொள்ளும். உழைத்தவனின் பெயரை அவன் பிள்ளைதான் எழுத வேண்டும்.