தட்டினால் சொல்லும் பூமி

சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா அதை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். கணீரென்றால் நல்ல பானை. டப்பென்று அடங்கினால் எங்கோ கீறல். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பூமியின் மையம் நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர். மனிதன் துளைத்ததோ, ரஷ்யாவின் கோலா ஆழ்துளையில்கூட, 12 கிலோமீட்டர் சொச்சம்தான். மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டுவது நிலநடுக்கம்; கேட்கும் காது நிலநடுக்கமானி.

1929 ஜூனில் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதி குலுங்கியது. அந்த அலைகள் பூமியை ஊடுருவி மறுபக்கம் வந்தபோது பதிவான கோடுகளை டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமான் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பூமியின் கரு முழுக்கத் திரவம் என்று நம்பிய காலம் அது. திரவம் அலைகளை வளைத்துவிடுவதால், அவை எட்டாத நிழல் வளையம் ஒன்று பூமியின் மேல் விழும். அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அலைகள் சில வந்திருந்தன. கருவின் விளிம்பில் வளைந்து வந்த கசிவு என்றார்கள் மற்றவர்கள். அந்த விளக்கம் லேமானுக்குப் போதவில்லை. கணினி இல்லாத நாள். அலை வந்த நேரங்களை அட்டைகளில் குறித்து, ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கிவைத்துக் கணக்குப் போட்டார். 1936இல் விடையைச் சொன்னார்: கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது, அதில் பட்டுத்தான் அலைகள் திரும்புகின்றன.

அந்த உட்கரு திடமான இரும்பு என்பது பின்னாளில் உறுதியானது. அதன் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர். சுற்றியுள்ள உருகிய இரும்பு மெல்ல மெல்ல அதன்மேல் உறைகிறது. உறையும்போது வெளிப்படும் வெப்பமும், பிரிந்து மேலேறும் இலேசான பொருள்களும் மிச்சத் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கலக்கம்தான் பூமியின் காந்தப்புலத்தைக் காத்துவருகிறது. திசைகாட்டியின் முள்ளைத் திருப்புவது அது. சூரியனிலிருந்து வீசும் துகள்களைத் தடுத்து நமக்குக் கவசமாக நிற்பதும் அதுவே.

சந்தேகம் வந்தால் அம்மா பானையை இன்னொரு முறை தட்டுவார். லேமானால் அது முடியாது. பூமியின்மேல் விழும் தட்டுக்குப் பல நேரம் யாரோ விலை கொடுக்கிறார்கள். 1929இன் அந்த ஒரு தட்டில் 17 பேர் மாண்டார்கள். பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒரு கோட்டைக்கூட அவர் ஒதுக்காமல் பார்த்ததை, அவர்களுக்குச் செய்த மரியாதையாகவே நான் நினைக்கிறேன்.