அளக்க வருகிறவரைத் திருப்பி அனுப்பலாமா?

கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஓர் அட்டையில் செருகிய தாள்கள், வெயிலுக்கு ஒரு தொப்பி. இப்படி ஒரு பையன் கடை வாசலில் வந்து நின்று, "ஐயா, ஒரு நாளைக்கு உங்க கடைக்கு எத்தனை லாரி லோடு இறங்குது?" என்று கேட்டால், வணிகப் பெருமக்களே, நம்மில் எத்தனை பேர் உண்மையைச் சொல்வோம்?

நாம் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு பையன் வந்தான். புதுப் பருப்பு வரத்து நேரம். நமது கடைக்கு மட்டும் தினம் இரண்டு மூன்று லாரி வந்து கொண்டிருந்தது. "எப்பவாவது ஒண்ணு வரும் தம்பி" என்று சொல்லி அனுப்பி விட்டோம். பக்கத்துக் கடையில் "முதலாளி ஊரில் இல்லை" என்று பதில். எதிர்க்கடையில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து கொண்டு அதே பதிலைச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பயம்தான். பேப்பரும் பேனாவுமாக வருகிறவன் வரி ஆபீஸ் ஆளாகத்தான் இருப்பான் என்ற பயம். விற்பனை வரிக் காலத்தில் பிடித்த அந்தப் பயம் 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை.

அதன் பலன் பிறகு தெரிந்தது. தெருவில் புதிய சாலை வேலை நடந்தது. வேலை சுத்தமாகத்தான் நடந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடைபாதை அகலமாகி, ஓரத்தில் கல் தூண்கள் நட்டு, வண்டி போகும் வழி குறுகிப் போனது. லாரி நின்று லோடு இறக்க இடமே வைக்கவில்லை. தெரு முனையில் இறக்கி, தள்ளுவண்டியில் கொண்டு வருகிறோம். மூட்டைக்கு மூட்டை கூடுதல் கூலி. சிறு கடைக்காரர் சரக்கு எடுக்க ஆட்டோவைக் கொண்டு வந்தாலும் நிறுத்த முடியாமல் பின்னால் ஹாரன் சத்தம். நாலு பேராகச் சேர்ந்து அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையாகவே உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் அறிக்கையைத் திறந்து காட்டினார். "உங்க தெருவுக்குச் சரக்கு லாரி ரொம்பக் கம்மின்னு சர்வேயில இருக்கே ஐயா" என்றார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டு எழுந்து வந்தோம். எந்தத் தெரு, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கு வேண்டாம். பொய் சொன்னது நாம்.

கட்டுமான வேலை என்றால் நமக்கு இரண்டு பேரைத்தான் தெரியும். ஒருவர் அரசாங்க என்ஜினீயர், மற்றவர் காண்டிராக்டர். இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் செங்கல் அடுக்குவதில்லை, சிமெண்ட் வாங்குவதில்லை. அளப்பார், எண்ணுவார், மண்ணைத் துளைத்துப் பார்ப்பார், கணக்குப் போட்டு வரைபடமும் அறிக்கையும் தருவார். பொறியியல் ஆலோசனை நிறுவனம் என்று பெயர். எந்தத் தெரு எத்தனை அடி, பாலம் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் எழுதுகிற காகிதத்திலிருந்துதான் பிறக்கிறது.

அளக்கிறவரின் பெருமை மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் முன்னின்ற சர்வேயர் மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரும் இன்றும் தெருப் பெயர்களாக நிற்கின்றன. மாரட் வீதியில் மூட்டை இறக்கியவர்களில் எத்தனை பேர் அந்த மாரட் யார் என்று கேட்டிருப்போம்!

நம் தேசத்தில் ஆலோசனை என்ஜினீயர் என்றவுடன் விசுவேசுவரய்யாவைச் சொல்ல வேண்டும். 1908 செப்டம்பரில் மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தை அழித்தது. பம்பாய் அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்திருந்த அவரை 1909ல் நிஜாம் அரசு அழைத்து யோசனை கேட்டது. மழை அளவும் ஆற்றின் போக்கும் கணக்கெடுத்து, நகருக்கு மேலே தண்ணீரைத் தேக்கச் சொன்னார். 1920ல் முடிந்த உஸ்மான் சாகர் அந்த யோசனையில் வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவே தனித் தொழிலாகி விட்டது. உருக்காலைகளுக்கு வேலை செய்த கல்கத்தா தஸ்தூர் கம்பெனி 1955ல் வந்தது. மத்திய அரசே 1965ல் என்ஜினீயர்ஸ் இந்தியா, 1969ல் நீர்த் திட்டங்களுக்கு வாப்கோஸ், 1974ல் ரயில்வேக்கு ரைட்ஸ் என்று நிறுவனங்களை ஏற்படுத்தியது.

இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்து கொண்டது வீட்டுக்குள்தான். நம் தம்பி மகன், கருமுத்து தியாகராசர் 1957ல் தொடங்கி வைத்த பொறியியல் கல்லூரியில் படித்தவன், சென்னையில் இப்படி ஒரு நிறுவனத்தில் இருக்கிறான். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தான். விடிகாலையில் குடும்பமே ஆற்றுக்குப் புறப்பட்டது. அவன் மட்டும் மாடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில். "அழகரே ஆத்துல இறங்கியாச்சு, நீ இன்னும் மாடிய விட்டு இறங்கலையேப்பா" என்றோம். "மூணு மணிக்கு டெண்டர் மூடிருவாங்க பெரியப்பா. ஒரு நிமிஷம் தாண்டினாலும் ரெண்டு மாச உழைப்பு வீண்" என்றான்.

சாப்பாட்டுக்குப் பிறகு விவரமாகக் கேட்டோம். அவன் சொன்னதில் பாதி நம் தொழில் மாதிரியே இருந்தது. அங்கே வேலை பிடிப்பதற்கென்றே பிசினஸ் டெவலப்மென்ட் என்று தனி ஆட்கள் உண்டு. நாம் காலையில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்ப்பது போல அவர்கள் பட்ஜெட் அறிவிப்பையும் டெண்டர் விளம்பரத்தையும் பார்க்கிறார்கள். இதே மாதிரி வேலை முன்பு செய்த சான்று, மூன்று வருட வரவு செலவுக் கணக்கு, அனுப்பப் போகும் என்ஜினீயர்களின் பயோடேட்டா எல்லாம் காட்ட வேண்டும். தகுதி போதாவிட்டால் வேறு நிறுவனத்தோடு கூட்டுச் சேர வேண்டும். பத்து இடத்தில் கேட்டால் ஒன்றோ இரண்டோ கிடைக்குமாம். பழைய வாடிக்கை திரும்பி வருவதுதான் லாபம் என்றான். அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

கிடைத்த பிறகுதான் அலைச்சல். திருப்புவனம் பக்கமோ மேலூர் பக்கமோ பொட்டல் வெயிலில் அளவுக் கருவியை வைத்துக் கொண்டு நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க ரோட்டோரத்தில் உட்கார்ந்து வண்டி எண்ண வேண்டும். ஆபீஸில் போடும் கணக்கை மூத்தவர் ஒருவர் வரி வரியாகச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நாளைக்குப் பாலத்தில் விரிசல் என்றால் அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் வருவார்கள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். அவர்களுக்குச் சரக்கு என்பதே ஆளுடைய நேரம்தானே. வேலை இல்லாத மாதத்திலும் சம்பளம் நிற்காது. நம் பருப்பாவது விற்காவிட்டால் குடோனில் கிடக்கும், அவர்களுக்கு விற்காத நாள் போனது போனதுதான். பணமும் தவணையில்தான் வரும். ஆரம்ப அறிக்கைக்கு ஒரு பங்கு, வரைவுக்கு ஒரு பங்கு, முடிவு அறிக்கைக்கு மீதி. அந்தக் கடைசிப் பங்கு எப்போது வரும் என்று கேட்டோம். சிரித்தான். பாக்கி வசூல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் நம்மைக் கவலைப்படுத்தியது. பல டெண்டர்களில் இரண்டு கவர் உண்டு. தரத்துக்கு நூற்றுக்கு எழுபது, எண்பது மார்க் என்றும் மீதி விலைக்கு என்றும் பிரித்துப் போடுவார்கள். இது நியாயம். ஆனால் சில இடங்களில் தகுதி தேறினால் போதும், அதன் பிறகு யார் குறைந்த விலையோ அவருக்கே வேலை. அப்படி அடிமட்ட விலைக்கு எடுத்தவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? நாலு நாள் எண்ண வேண்டியதை ஒரு நாள் எண்ணுவார். அனுபவசாலியை அனுப்பாமல் தினக்கூலிப் பையனை அனுப்புவார். அந்தப் பையனிடம் நாமும் பொய்யைச் சொல்லி விட்டால் அறிக்கை எந்த லட்சணத்தில் இருக்கும்! கட்டுகிற செலவில் ஆலோசனைக் கூலி ஒரு சிறு பங்குதான். அதில் மிச்சம் பிடித்து விட்டு ஐம்பது வருடம் நிற்கப் போகும் சாலையைத் தப்பாகப் போடுவது, தராசு வாங்கக் காசு பார்த்து விட்டுக் கண்ணளவில் பருப்பு விற்பது போன்றது என்பது நமது அபிப்பிராயம்.

மதுரை மெட்ரோ விஷயத்தைப் பாருங்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோ மீட்டர். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆர்வி அசோசியேட்ஸ் விரிவான திட்ட அறிக்கை தயாரித்து, 2023 ஜூலையில் அது தமிழக அரசிடம் போனது. செலவு 11,000 கோடி ரூபாய்க்கும் மேல். நகரின் உட்பகுதியில் பூமிக்கு அடியில் போவதாகத் திட்டம். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள் தொகை வேண்டும் என்று 2017ம் வருட மெட்ரோ கொள்கையைக் காட்டியது. 2011 மக்கள் தொகைக் கணக்கில் மதுரை சுமார் 15 லட்சம்தான். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது தினம் கோரிப்பாளையத்தைக் கடக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது எல்லாம் காகிதத்தில் ஏறுவதில்லை. எழுதிய எண் எதுவோ அதுதான் பேசும்.

மெட்ரோ வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள் இரண்டு கட்சி உண்டு. மாசி வீதிக் கடைக்காரர்களின் பயமும் நியாயமானதே, தோண்டுகிற வருடங்களில் வியாபாரம் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இன்று அது நம் வழக்கல்ல. மெட்ரோவோ பாலமோ பார்க்கிங்கோ, எது வந்தாலும் முதலில் அளக்கிறவர்தான் வருவார். அவர் பயணிகளை எண்ணுவார், கார்களை எண்ணுவார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வருகிற லோடு லாரியையும், விடிவதற்குள் கிராமத்துக்குத் திரும்ப வேண்டிய சில்லறைக் கடைக்காரரின் ஆட்டோவையும் நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சங்கத்தில் இதற்கென ஒருவரை நியமிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அளக்க வருகிறவரை அவர் அலுவலகத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு, ஒரு காபி கொடுத்து, தெருவாரியான கணக்கைக் கையில் கொடுக்க வேண்டும். கடைப் பெயர் வேண்டாம், விற்றுமுதல் வேண்டாம். எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கிறது, இது போதும். எந்த வரி ஆபீஸுக்கும் இதில் வேலை இல்லை.

நமது கடை வாசலில் சென்ற வெள்ளிக்கிழமை முதல் ஒரு நாற்பது பக்க நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. வருகிற லாரியின் நேரத்தைக் கணக்குப்பிள்ளை அதில் எழுதுகிறார். எதிர்க்கடை முதலாளி அன்று மாலையே வந்து பார்த்து விட்டு, "எதுக்கு அண்ணாச்சி இந்த வம்பு?" என்றார். மறுநாள் காலையில் அவர் கடை வாசலிலும் ஒரு நோட்டு தொங்கியது. அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.