நடுவரை நியமிப்பது யார்?

டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் பி.டி.வகேலாவின் பதவிக்காலம் 2023 செப்டம்பர் 30 அன்று முடிவடைந்தது. அதன்பின் நான்கு மாதங்கள் அப்பதவி நிரப்பப்படவில்லை. ரயில்வே வாரியத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற அனில் குமார் லஹோட்டி 2024 ஜனவரி இறுதியில் புதிய தலைவராக நியமிக்கப்பட்டார். அவரது தனிப்பட்ட தகுதி இரண்டாம்பட்சமே. இப்பதவிக்கு ஆள் தேடுவது யார், எங்கிருந்து தேடுகிறார்கள் என்பதே முதன்மையான கேள்வி.

தனியார் நிறுவனங்கள் களமிறக்கப்பட்டபோது, அரசுக்கும் நிறுவனங்களுக்கும் நடுநிலை வகிக்கும் அமைப்பு என்ற பெயரில்தான் 1997ஆம் ஆண்டுச் சட்டம் டிராயை உருவாக்கியது. ஆனால் அந்த நடுவரைத் தேர்ந்தெடுப்பது ஒன்றிய அரசு மட்டுமே. நாடாளுமன்றத்திற்கோ நுகர்வோருக்கோ தொழிலாளர்களுக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை.

டிராய் தலைவராக இருந்தவர் அதன்பின் அரசுப் பதவி ஏற்கக்கூடாது என்ற தடை அச்சட்டத்தில் இருந்தது. 2014 மே 26 அன்று பதவியேற்ற மோடி அரசு, இரண்டே நாட்களில் அவசரச் சட்டம் பிறப்பித்து அத்தடையைத் தகர்த்தது. டிராயின் முன்னாள் தலைவர் நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளரானார்.

வெளியேறும் வாயிலை அன்று திறந்தவர்கள், நுழைவாயிலை 2023 டிசம்பரில் திறந்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேரை இடைநீக்கம் செய்த அதே கூட்டத்தொடரில் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. முப்பதாண்டு அனுபவமும், நிறுவன இயக்குநர் குழுவிலோ தலைமைச் செயல் பொறுப்பிலோ இருந்த தகுதியும் கொண்ட தனியார் துறையினர் இனி டிராய் தலைவராகலாம். கடமைக்குக் குந்தகமான பொருளாதார நலன் அவருக்கு உண்டா என்று ஆராய வேண்டியதும் நியமனம் செய்யும் அதே அரசுதான்!

இத்திருத்தம் 2024 ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணங்களை உயர்த்தின. உயர்வு ஏறத்தாழ 25 விழுக்காடு வரை சென்றது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 1997 சட்டத்தின் 11ஆவது பிரிவு டிராய்க்கு வழங்கியுள்ளது. ஆயினும் கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கும் என்று அரசு கைவிரித்தது. செல்பேசிச் சந்தாதாரர்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை இரண்டே நிறுவனங்கள் கைப்பற்றியுள்ள நிலையில், எது சந்தை, எங்கே போட்டி?

போட்டியைத் தக்கவைத்திருக்கக்கூடிய பிஎஸ்என்எல் திட்டமிட்டே நலிவடையச் செய்யப்பட்டது. 2022இல் தனியார் 5ஜி சேவையில் இறங்கியபோது, அதன் 4ஜி சேவை நாடெங்கும் சென்றடைந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் மட்டும் சுமார் 78 ஆயிரம் ஊழியர்கள் விருப்ப ஓய்வின் பெயரால் வெளியேற்றப்பட்டனர்.

பல அரசுச் சேவைகளைச் செல்பேசியுடன் இணைத்த அரசு, அதன் விலையைப் பெருமுதலாளிகளின் விருப்பத்திற்கு விட்டுவிட முடியாது. டிராய் தலைவர் நியமனம் நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும். தனியார் நிர்வாகிகளுக்குக் கதவு திறக்கும் திருத்தம் நீக்கப்பட வேண்டும். கட்டண உச்சவரம்பு விதிக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளைச் செல்பேசிக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு உழைப்பாளியின் கோரிக்கையாகவும் முன்னெடுப்பது ஜனநாயக இயக்கங்களின் கடமையாகும்.